மன்னார்ப் பார்களும் பொறுத்திருக்கும் கடமையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் கரையூர்களுக்கு எதிரே, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில், மணற்பரப்பினிடையே கல்லும் பவளச் சிதைவும் இறுகிக் கிடக்கும் மேடுகளைப் பார் என்பது அப்பகுதிக் கடலோடிகளின் வழக்கு. அப்பார்களில்தான், நூல்கள் அறிந்த காலந்தொட்டு, முத்துச்சிப்பி பிறந்தும் வளர்ந்தும் மடிந்தும் வந்திருக்கிறது. வலைக்குத் தப்பி ஓடும் மீனைப்போலன்றி, இச்சிப்பி தன் உடலில் சுரக்கும் நாரினால் கல்லைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாலைந்து வயதில் அதன் முத்து விலைபெறும் பருவத்தை எய்துகிறது. மேலும் இரண்டோர் ஆண்டு விட்டுவைத்தால் சிப்பி மூத்து மடிய, முத்தும் மணலோடு மணலாய்ப் போய்விடுகிறது. எடுப்பதற்கென ஒரு காலம் உண்டு என்பதும், அதற்கு முன் எடுப்பது வீணான அழிவு, அதற்குப் பின் விடுவது வீணான இழப்பு என்பதும் இத்தனை வெளிப்படையாய் வேறு கடற்பொருள்களிடத்துத் தெரிவது அரிது. ஆதலால், கடற்செல்வத்தைக் காத்துப் பயன்கொள்வது பற்றிய அறவிசாரணையை இப்பார்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். வினா இதுதான்: இன்று எடுக்கக்கூடியதை நாளைக்கென விட்டுவைக்கும் கடமை ஒருவனுக்கு உண்டாயின், அவ்வாறு விட்டதனால் நேரும் பசியைச் சுமப்பவன் யார், விளைந்த பயனை அடைபவன் யார்?

பொறுத்திருக்கும் வழக்கம் இக்கடலுக்குப் புதிதன்று. முத்துக்குளிப்புக் காலமாகிய சலாபம் ஆண்டுதோறும் நடந்ததில்லை. சர்க்காரின் ஆட்கள் பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, பருவம் வந்ததென்று கண்டபிறகே குளிப்புக்கு நாள் குறித்தனர். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதியில், 1768 தொடக்கம் 1796 வரை சலாபமே நடக்கவில்லை. அந்நெடிய ஓய்வின் பயன் முழுவதும், அதற்காக ஒரு நாளேனும் பொறுத்திராத ஆங்கிலேயரின் கையில் வந்து விழுந்தது. அவர்களோ தீவின் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டிலிருந்து ஆண்டு தவறாமல் குளிப்பு நடத்தி, 1798இல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுணுக்கு மேல் வருமானம் கண்டனர். மறு ஆண்டே அவ்வருமானம் பெருவீழ்ச்சி கண்டது. அவ்வளவு கண்டும், முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், சலாபத்தை நேரில் இருந்து பார்ப்பதற்கென அரிப்பின் கடலோர மேட்டில் கிரேக்கத் தூண்களின் சாயலில் ஒரு மாளிகையை 1801 முதல் 1804 வரை கட்டுவித்தார். இன்று கடலரிப்பில் சரிந்து நிற்கும் அவ்விடிபாட்டை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்றே வழங்குகின்றனர். கட்டியவன் பெயரை மறந்து கதையில் வரும் அரசியின் பெயரை ஊர் நினைவில் வைத்திருப்பது ஒருவகையில் நியாயமே.

பின்னர் ஆட்சியாளர் பாடம் கற்றனர் என்றே சொல்லவேண்டும். 1837 தொடக்கம் 1854 வரையிலும், மீண்டும் 1892 தொடக்கம் 1902 வரையிலும் பார்கள் வெறுமையாய்க் கிடந்தன; அக்காலங்களில் சோதனை நடந்தது, காவற்படகு நின்றது, குளிப்பு மட்டும் நடக்கவில்லை. கடற்செல்வத்தை முறைப்படுத்துதல் என்று இக்காலத்து அறிஞர் எதை விதந்து பேசுகின்றனரோ, அதன் உறுப்புக்கள் யாவும், அதாவது மாதிரி எடுத்தல், வயதறிதல், பருவம் வரையில் மூடிவைத்தல், எடுப்பவர் தொகையை வரையறுத்தல் ஆகிய எல்லாம், இக்கரையில் அப்போதே இருந்தன. இருந்தும், அம்முறை அறமுடையதா என்னும் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், எதிர்க்கரையிலுள்ள கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. ஆங்கிலேயர் காலத்துக் குளியாளிகள் குற்றவாளிகள் அல்லர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் தம் விருப்பால் வந்தவர்கள். நள்ளிரவில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், விடிந்தபின், கல்லைக் காலில் இட்டுக் கயிற்றைப் பற்றி மூழ்கி, ஒரு நிமிஷமளவு மூச்சடக்கிச் சிப்பியைக் கூடையில் வாரி, பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பினர். கரையில் அவர்கள் கொணர்ந்ததை மூன்று குவியலாக்கி, அவற்றில் இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில், முந்நூறுக்கு மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளிகள் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை எடுத்தனர். அச்சிப்பிகளில் ஒன்றையும் எவரும் உணவாகக் கொள்ளவில்லை. ஏலத்தில் ஆயிரம் ஆயிரமாய்த் திறவாமலே விலைபோய், தொட்டிகளில் நாட்கணக்காய் அழுகி, புழு தின்றபின் அலசப்பட்டு, பெரும்பாலானவை யாதொரு முத்துமின்றிக் குப்பையாயின. 1906இல் மறிச்சுக்கட்டிக்கு அதிகாரியாய் அனுப்பப்பட்ட லெனாட் வூல்ஃப், ஆயுளின் இறுதிப் பகுதியில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்நாற்றத்தை மறக்கவில்லை.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவரென்று நம்பப்பட்ட கடல்கட்டிகளை ஆங்கிலச் சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தில் அதற்கு நம்பிக்கை இருந்ததாலன்று. கடல்கட்டி கரையில் இல்லாவிடில் குளியாளி நீரில் இறங்கான் என்பதை அறிந்திருந்ததால். ஏழையின் அச்சமும் தன் வருமானத்தைத் தடுக்கும்போது அரசின் கணக்கில் ஏறும் என்பதற்கு இது சான்று. அச்சம் ஏறியது; பசி ஏறவில்லை. சலாபமில்லாத பதினேழு ஆண்டுகளில் அரசுக்கு ஒரு வருமானம் குறைந்தது. மற்றை வருமானங்கள் இருந்தன. கரையூர்க் குளியாளி அப்பதினேழு ஆண்டுகளில் எங்கே போனான், எதை உண்டான் என்பதை அக்காலத்து அறிக்கைகள் கேட்கவில்லை. சர்க்காரின் பொறுமை செல்வமுடையவனின் பொறுமை. குளியாளியின் பொறுமையோ பிறர் விதித்த விரதம்.

நோக்கம் எதுவாயினும் பயன் நன்றாயின் போதாதோ என்று கேட்பாருண்டு. வருமானத்துக்காகக் காத்த சிப்பியும் காக்கப்பட்ட சிப்பியே என்பது உண்மை. ஆயினும், நோக்கத்தின் குறை அது மாறும் சமயத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. 1905இன் பெருவிளைவைக் கண்ட சர்க்கார், மறு ஆண்டே பார்கள் முழுவதையும் ஆண்டுக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபா குத்தகைக்கு, இருபது ஆண்டுக் காலத்துக்கு, லண்டனில் திரட்டிய மூலதனத்தோடு வந்த ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தது. வருமானமே காவலின் காரணமாயிருந்தமையால், நிச்சயமான வருமானம் வேறு வழியில் கிடைத்தவுடன் காவலையும் விற்றுவிட முடிந்தது. 1907க்குப் பின் பார்கள் விளையவில்லை. கம்பனியும் சில ஆண்டுகளில் கலைந்தது.

கம்பனியின் பேராசையே பார்களை அழித்ததென்று முடிவுகட்டுவது எளிது, நேர்மையாகாது. லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இலங்கை வந்து, ஜேம்ஸ் ஹோர்னெல் என்பாரின் துணையோடு பார்களை ஆராய்ந்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாய் அறிக்கை வெளியிட்டார். அவர் கண்ட உண்மைகளில் முதன்மையானது, பெரிய பாரைப் பற்றியது. அங்கே இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் வந்து படிகிறது. ஆனால், தென்மேற்குப் பருவக் காற்றின் அலை அதை அடியோடு வாரிக்கொண்டு போகிறது. பெரிய பாரிலிருந்து போன குஞ்சுகளே மற்றப் பார்களில் குடியேறுகின்றன என்று எண்ணிக் கடலோடிகள் அதைத் தாய்ப் பார் என்றனர். ஹேர்ட்மனோ அவை பெரும்பாலும் மடிகின்றன என்றும், மடியுமுன் அவற்றை அள்ளிச் சேவல் பார் முதலிய காப்பான இடங்களில் விதைக்கலாம் என்றும் உரைத்தார். சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்து உண்டாவதற்குக் காரணமான புழுவையும் சுமக்கிறது என்பது அவருடைய மற்றொரு கொள்கை. பின்வந்தோர் அதை ஐயுற்றனர் எனினும், பகையென்று எண்ணி ஓர் உயிரை ஒழிக்கப் புறப்படுமுன் சற்றுத் தயங்கவேண்டும் என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியிருந்தது. எடுக்காமல் விட்டவை எல்லாம் பெருகும் என்று கடல் எவருக்கும் வாக்களிக்கவில்லை என்பதே அவ்வாராய்ச்சியால் பெறப்படுவது. அறவிசாரணையில் இது ஒரு கடினமான முடிச்சு: பலன் நிச்சயமாயின் பொறுமை வெறும் வியாபார புத்தி, பலன் ஐயமாயின், அவ்வையத்தின் பாரத்தை ஏழையின் தலையில் ஏற்றுவது அநீதியாகும் அபாயம் உண்டு.

1925இல் மன்னார்ப் பார்களில் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது; எதிர்க்கரைத் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளித்தனர். அதற்குள் ஜப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிரப்பிவிட்டது. முத்தின் கதை அவ்வளவில் நிற்க, கடல் நிற்கவில்லை. சங்கும் கடலட்டையும் இறாலும் நண்டும் மீனும் அக்கடலிலேயே விளைகின்றன. பொறுத்திருப்பவன் யார் என்னும் வினாவும் அங்கேயே கிடக்கிறது.

கடலட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதே மன்னார் வளைகுடாவில், அதே மணற்சேற்றில் ஊர்ந்து திரியும் அப்பிராணியைப் பிடிப்பது, 2001 முதல் இந்தியக் கரையில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக் குற்றம்; இலங்கைக் கரையில் அனுமதிப்பத்திரம் பெற்றுச் செய்யும் தொழில். 1976ஆம் ஆண்டு உடன்படிக்கை வளைகுடாவில் வரைந்த எல்லைக் கோடு கடலட்டைக்குத் தெரியாது. ஒரு கரையின் தடை மறு கரையின் விலையை உயர்த்த, இராமேசுவரப் பக்கத்து அட்டை இரவோடிரவாக மன்னாருக்குக் கடத்தப்படுவதும் பிடிபடுவதும் நாளேட்டுச் செய்திகளாயின. இரு சட்டங்களில் எது அறத்துக்கு நெருங்கியது என்று தீர்ப்பது கடினம். இரண்டும் ஒருங்கே நிற்பதால் நேர்மையாய் விலகி நிற்பவன் மட்டும் இழக்கிறான் என்பதோ வெட்டவெளிச்சம்.

இதனினும் கொடிய உதாரணம் ஒன்று உண்டு. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மன்னார்க் கடற்றொழிலாளர் கடலுக்குப் போக பாஸ் என்னும் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. இரவில் போகத் தடை, எல்லை தாண்டிப் போகத் தடை, சில காலம் போகவே தடை. 1990இல் மன்னார் முஸ்லிம்கள் ஊரோடு விரட்டப்பட்டபோது, மீனவர் பலர் கடலையே இழந்தனர். மீன்வளத்தின் நோக்கில் மட்டும் பார்ப்பவர், நீண்டதோர் ஓய்வு கடலுக்குக் கிடைத்ததென்று சொல்லக்கூடும். ஆனால், அந்த ஓய்வைக் கடல் பெறவில்லை. இலங்கையின் வடகரையார் கரையில் நிறுத்தப்பட்ட அவ்வாண்டுகளில்தான், தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எண்ணிக்கையிலும் வலிமையிலும் பெருகி இக்கடலைத் தம் தொழிற்களமாக்கிக்கொண்டன. 2009இல் போர் முடிந்து திரும்பியவர்கள், தம் வலை கிடக்கவேண்டிய இடத்தில் பிறருடைய இழுவைமடி அடித்தரையை வழித்துச் செல்லக் கண்டனர். ஒல்லாந்தர் காலத்து ஓய்வை ஆங்கிலேயர் உண்டதும் இதுவும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இழுவைமடியின் இயல்பை அறிந்தவர்க்கு இதில் விரிவுரை வேண்டியதில்லை. பலகைகள் வாயை அகல விரிக்க, கனத்த அடிக்கயிறு தரையை உராய்ந்து செல்ல, பெரியதும் சிறியதும், விலையுள்ளதும் இல்லாததும், சிப்பி பற்றிய கல்லும் அக்கல்லில் வளர்ந்த பூண்டும் ஒருசேர மடிக்குள் வருகின்றன. முத்துக் குளியாளி கையால் எடுத்தான். கண்ணால் தெரிந்து எடுத்தான். மூச்சு அடங்குமட்டும் எடுத்தான். மடிக்கு மூச்சில்லை.

இராமேசுவரம் கரையில் ஓர் ஒழுங்கு உண்டு: வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கும் எஞ்சிய நான்கும் நாட்டுப்படகுகளுக்கும் என்று கடலைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றனர். பெரியவன் சிறியவனுக்கு வழிவிடுவதற்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட இம்முறை பாராட்டத்தக்கது. அதே படகுகள் அதே மூன்று நாட்களில் எல்லைக் கோட்டைத் தாண்டி வரும்போது, மன்னாரின் சிறு படகுக்காரன், வலை அறுபடும் என்று அஞ்சி அவ்விரவுகளில் கரையில் தங்குகிறான். தன் ஊர்ச் சிறியவனுக்கு உரிய நியாயம் அயலூர்ச் சிறியவனுக்கு இல்லையென்று வெளிப்படையாய் வாதிக்க அங்கே ஒருவரும் முன்வரமாட்டார். நடைமுறை அவ்வாதத்தை வாய்திறவாமல் செய்துகொண்டிருக்கிறது.

அவ்விசைப்படகினர் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். படகில் போகிறவர் பெரும்பாலும் படகின் உடைமையாளர் அல்லர். பங்குக்கோ கூலிக்கோ உழைப்பவர். தம் பாட்டனார் சென்ற கடலை இரு தலைநகரங்கள் 1974இலும் 1976இலும் தம்மைக் கேளாமலே கோடிட்டுப் பிரித்தன என்பது அவர்கள் முறையீடு; அது பொய்யன்று. இழுவைத் தொழிலை ஊக்குவித்து, கடனும் மானியமும் கொடுத்தது அவர்களுடைய அரசுதான். ஆனால், பாட்டனார் சென்றது பாய்மரத்தில். பாரம்பரிய உரிமை என்பது சென்ற வழிக்கு உரியதேயன்றி, அவர் அறியாத எந்திரத்துக்கு அதே அளவில் உரியதாகாது. வறுமை ஒருவன் குற்றத்தைக் குறைக்கும். அவனினும் வறியவனிடமிருந்து எடுக்கும் உரிமையை அவனுக்கு வழங்காது.

மன்னார்க் கரையும் மாசற்றதென்று சொல்வதற்கில்லை. பேசாலையிலும் சிறிய இழுவைப் படகுகள் இருந்தன. டைனமைட் வெடியும் தடைசெய்யப்பட்ட வலையும் உள்ளூர்க் கைகளாலும் பயன்படுத்தப்பட்டன. 2017ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தரை இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தபோது, அச்சட்டம் அயலானின் படகை மட்டுமன்றிப் பேசாலையானின் படகையும் கட்டியது. அண்டையில் நின்றவனைச் சுட்டிக் குற்றஞ்சாட்டுபவன் முதலில் தன் மடியை இறக்கிவைக்கவேண்டும் என்னும் நியாயத்துக்கு அச்சட்டம் இணங்கியது; அதனால் அதன் குரலுக்கு வலிமை கூடியது. ஆயினும், தன் படகைக் கரையேற்றிய உள்ளூரான், அடிவானத்தில் அயலூர்ப் படகுகளின் விளக்கு வரிசையை மறு இரவே காண நேர்ந்தால், சட்டத்தின் மீது அவனுக்கு எத்தனை நாள் மதிப்பு நிற்கும் என்பதைச் சட்டம் செய்தவர் எண்ணியிருக்கவேண்டும்.

பிறர் நிறுத்தாவிடினும் தான் நிறுத்துவதே அறம் என்று கூறும் ஒரு பெரும் மரபு உண்டு; அதைக் குறைத்துப் பேச முடியாது. கொல்லாமை, பொய்யாமை போன்றவற்றில் அயலான் தவறினான் என்பது நமக்கு அனுமதி ஆகாது. ஆனால், மீன்வளத்தைக் காக்கும் விரதம் அவற்றோடு முழுதும் ஒத்ததன்று. அதன் நோக்கம் நோற்பவனின் தூய்மையன்று, கடலில் மீன் நிற்பது. ஒருவன் மட்டும் நோற்று, அவன் விட்டதை மற்றொருவன் வாரிச் சென்றால், மீனும் நிற்பதில்லை, நோற்றவன் வீட்டில் அடுப்பும் எரிவதில்லை. ஆகவே இவ்வகைக் கடமை தனி மனிதன் மேல் முழுமையாய் விழுமுன், அது பொதுவாய் ஏற்கப்படுவதற்கான ஏற்பாட்டைச் செய்யும் கடமை அரசின் மேலும் சமூகத்தின் மேலும் விழுகிறது. சினைப்பட்ட நண்டை விடுவதும் சிறு சங்கை மீண்டும் கடலில் இடுவதும் போன்ற சிறு விலக்குகளை அவ்வேற்பாட்டுக்குக் காத்திராமல் எவனும் செய்யலாம், செய்யவும் வேண்டும். பிள்ளைகளின் உணவை நிறுத்தும் அளவுக்கான விலக்கை அவனிடம் தனியே கேட்பது அறவுரையன்று, பிறர் பொருளில் தருமம் செய்வது.

இவ்வேற்பாடு நடக்கக்கூடியதே. முத்துச்சிப்பிக்கு உறவான, விசிறி வடிவ ஓடுடைய ஒருவகைச் சிப்பியை அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில், ஜோர்ஜஸ் பாங்க் என்னும் பரப்பில், இரும்பு வாரிகளால் வாரி எடுத்துவந்தனர். 1994இல், வேறு மீனினங்களைக் காப்பதற்கென அங்கே பெரும் பகுதிகள் மூடப்பட்டன. சில ஆண்டுகளில் மூடிய பகுதிகளில் சிப்பி எதிர்பாராத அளவுக்குப் பெருகியது. 1999 தொடக்கம் அளவோடு திறந்தும், 2004 முதல் பகுதிபகுதியாய் மாறிமாறி மூடியும் எடுக்கலாயினர். அங்கே கடலடியின் இயல்பு வேறு, சிப்பியின் இயல்பு வேறு. மன்னார்ப் பார்களின் நிலையின்மையை அங்கே தேடமுடியாது. கவனிக்கத்தக்கது அவ்வெற்றியின் உயிரியல் அன்று, ஒழுங்கு: அனுமதி பெற்ற படகுகளின் தொகை வரையறுக்கப்பட்டிருந்தமையால், மூடிய நாளில் பொறுத்தவர்களே திறந்த நாளில் எடுத்தனர். அவ்வொழுங்கிலும் கூலியாட்களுக்கு என்ன கிடைத்ததென்பது வேறு விசாரணை.

பொறுத்தவனே எடுக்கவேண்டும் என்னும் இந்நிபந்தனை மன்னார்க் கடலில் நிறைவேறவேண்டுமாயின், பொறுத்தவனையும் பயனடைந்தவனையும் ஒரே கணக்கில் எழுதவேண்டும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணம் வழங்குகிறது. தொகை போதுமா என்னும் சச்சரவு இருந்தாலும், கடலுக்காக நிற்பவனுக்குப் பொதுப்பணம் கடன்பட்டிருக்கிறது என்னும் தத்துவம் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அத்தத்துவம் உண்மையாயின், வாரத்தில் மூன்றிரவு வலையைச் சுருட்டி வைத்துக் கரையில் நிற்கும் வங்காலைக் குடும்பத்துக்கும் சிலாவத்துறைக் குடும்பத்துக்கும் அது பொருந்தாதிருக்கக் காரணமில்லை. அவர்கள் நின்றதனால் எவருடைய மடி நிறைந்ததோ அவருடைய கணக்கிலிருந்தும், அம்மடிக்கு மானியம் கொடுத்த கருவூலத்திலிருந்தும், தம் பிரஜைகளைக் கடலில் காக்கத் தவறிய கருவூலத்திலிருந்தும் அக்கடன் தீர்க்கப்படவேண்டும். 2016 முதல் கூட்டுப் பணிக்குழு என்னும் பெயரில் இரு அரசுகளின் அதிகாரிகளும் கூடிப் பேசிவருகின்றனர். கைதானவர்களின் விடுதலை, பறிமுதலான படகுகள், ரோந்து என்பவை அங்கே பேசப்படும் பொருள்கள். மீட்கப்படவேண்டிய படகுகளின் பட்டியலோடு, அறுபட்ட வலைகளின் பட்டியலும் இழந்த இரவுகளின் பட்டியலும் அதே மேசையில் வைக்கப்படவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று.